ஏழைக்கு ஊழியம், சீஷனின் வாழ்க்கை: எங்கள் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சபை. உதவி ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தள்ளி நிற்கிறவர்கள், எல்லாரும் ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் கேட்கிற கேள்விகள் இவை. கோலாலம்பூரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பினாங்கில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இரட்சிப்பு கிருபையினால்தானே? அப்புறம் எதற்கு இந்த ஏழை ஊழியம்?

கிருபையினால்தான், அதில் மாற்றமே இல்லை. எபேசியர் 2:8, 9 வசனங்கள் நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: நற்கிரியைகளைச் செய்கிறதற்கே கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் அதே மூச்சில் சொல்கிறார். யாக்கோபு இன்னும் கறாராகப் பேசுகிறார். சாப்பாடில்லாத சகோதரனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி வெறுங்கையோடு அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார்.

மத்தேயு 25-ல் ராஜா சொல்லும் ஆறு பேரைப் பாருங்கள். பசியாயிருப்பவன், தாகமாயிருப்பவன், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதியஸ்தன், காவலில் இருப்பவன். வியாதியஸ்தனைக் குணமாக்கினீர்களா என்று அவர் கேட்கவில்லை, காவலில் இருந்தவனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தீர்களா என்றும் கேட்கவில்லை. விசாரிக்க வந்தீர்கள், பார்க்க வந்தீர்கள் என்கிறார். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல நினைப்பதும் அதுதான். பொருளை அனுப்பிவிட்டு நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது, ஆளோடு போய் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி கோத்தாராயா பக்கம் தெருவில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறோமே, அது போதாதா?

நல்ல காரியம், நிறுத்தாதீர்கள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி அங்கே நாம் மட்டும் போவதில்லை. ஒரு சபை நாசி லெமாக் கொடுத்துவிட்டுக் கிளம்பியதும் ஏதோ கம்பெனிக்காரர்கள் பிரியாணியோடு வருகிறார்கள், அவர்கள் பின்னாலேயே கல்லூரிப் பிள்ளைகள், ஆக ஒருத்தர் கையில் மூன்று பொட்டலம் சேர்ந்து ஒன்று கெட்டுக் குப்பைக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை அதே ஆள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறார். கெச்சாரா சூப் கிச்சன் என்ற பௌத்த அமைப்பு பல வருடங்களாக இந்த வேலையை ஒழுங்காகச் செய்துவருகிறது. அப்படிப்பட்டவர்களிடம் எந்த நாள், எந்தத் தெரு விட்டுப்போகிறது என்று கேட்டு அந்த நாளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கொடுத்துவிட்டு உடனே வேனில் ஏறாதீர்கள். ஐந்தடி மேடையில் (கடை முன்னால் இருக்கும் நடைபாதையில்) பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் எது, சாப்பிட்டாயிற்றா, கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று பேச்சுக் கொடுங்கள். அப்போதுதான் கதை வெளியே வரும். செக்யூரிட்டி வேலை போய், கம்பெனி கொடுத்த அறையும் அதோடு போய், தெருவில் படுத்த முதல் வாரத்திலேயே பை திருடுபோய் ஐசி (அடையாள அட்டை) தொலைந்திருக்கும். ஐசி இல்லாமல் வேலை கிடைக்காது, வங்கிக் கணக்கு திறக்க முடியாது, அரசு உதவிக்கு மனுப்போட முடியாது. அவருக்கு வேண்டியது, ஒரு வேலை நாள் காலையில் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் அப்புறம் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்னுக்கும் வருகிற ஓர் ஆள். அழுக்குச் சட்டையோடு தனியாகப் போய் நிற்க அவருக்கே கூச்சமாக இருக்கும். தண்டம் கட்ட வேண்டியிருந்தால் சபை கட்டட்டும்.

குடும்பங்களுக்குச் சாமான் பை கொடுக்கிறோம். என்னென்ன போடலாம்?

முதலில் கேளுங்கள். எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த குருடன் பர்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்று இயேசுவுக்குத் தெரியாதா? ஆனாலும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்.

ஒரு பிபிஆர் வீட்டில் (ஏழைகளுக்கான அரசு அடுக்குமாடி வீடு) நான் பார்த்ததைச் சொல்கிறேன். குசினி மூலையில் ஐந்து கிலோ அரிசி மூட்டைகள் பிரிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, அடி மூட்டையில் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு ஒரு குழு, வருடக் கடைசியில் ஒரு குழு, தேர்தல் சமயத்தில் ஒரு குழு. எல்லாரும் அரிசிதான் கொடுத்திருக்கிறார்கள். காஸ் தோங் (சிலிண்டர்) காலி. அந்த அம்மா மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் காயவைத்து மேகியை ஊறப்போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்தாயிற்று, நாங்கள் கொண்டுபோன பையிலோ சீனி, மைலோ, டின் பால். ஒரு தோங் காஸும் அவர் புண்ணுக்குக் கட்டுப் போடும் சாமானும் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த வீட்டுக்கு உதவியாக இருந்திருக்கும்.

நம் ஜனங்களிடையே சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். செலவைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவோ வேறு ஓர் அமைப்போ ஏற்றுக்கொண்டாலும் போய்வர கிராப் டாக்சிக் காசு யார் கொடுப்பது? அங்கே ஒரு கார் வேண்டும், அந்தக் காரை ஓட்ட ஒருத்தர் வேண்டும். கேட்டுப் பார்த்தால் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ், பள்ளிச் சப்பாத்து, பஸ் பாஸ், இப்படி எந்தப் பையிலும் இல்லாத சாமான்கள்தான் பட்டியலில் வரும்.

உதவி செய்யும்போது சுவிசேஷம் சொல்லலாமா? சொல்லாவிட்டால் அது வெறும் சமூக சேவை ஆகிவிடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் குழுவில் ரொம்ப நேரம் பேசினோம். நான் நினைப்பதை நேராகவே சொல்கிறேன்: உதவியோடு எந்த நிபந்தனையும் சேரக் கூடாது. ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் சாமான், பிள்ளை ஞாயிறு பள்ளிக்கு வந்தால்தான் டியூஷன் என்கிற பேச்சே இருக்கக் கூடாது. சாமான் பைக்குள் கைப்பிரதி வைக்கக் கூடாது. நாம் போய் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை இந்து வீடுகள். அரிசியைக் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசுவது நம் காதிலும் விழுகிறது, அப்படிப் பேச அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். பசியோடு இருப்பவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே கிடையாது.

லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்த ஊழியத்தில் அந்த இடம்தான் பிடிமானம்.

சரி, வாயே திறக்கக் கூடாதா? அப்படியில்லை. "ஏம்ப்பா மாசாமாசம் வர்றீங்க?" என்று பாட்டி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், இயேசு எங்களை அனுப்பினார் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் ஜெபியுங்கள், வேண்டாம் என்றால் அடுத்த மாதமும் அதே முகத்தோடு போங்கள். அவர்கள் சாமி மேடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். முஸ்லிம்களுக்கு உதவும்போது இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். அவர்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. ஆகவே பிரசுரமும் பிரசங்கமும் கிடையாது. சாப்பாட்டை ஹலால் கடையில் எடுங்கள், மாடும் பன்றியும் வேண்டாம், கோழியும் சைவமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் கை நீட்டலாம்.

குடிக்கிறவருக்கு உதவலாமா? காசு கொடுத்தால் நேராகச் சம்சு சாராயத்துக்குத்தானே போகும்?

கையில் காசாக வேண்டாம். வாடகையை வீட்டுச் சொந்தக்காரரிடமும் பள்ளிச் செலவைப் பள்ளியிலும் நேரே கட்டிவிடலாம். ஆளை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் வீட்டில் மனைவி பிள்ளைகள் இருப்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருடமாக நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், உயிரே போகலாம். ஜெப அறையில் மூன்று நாள் அடைத்து வைத்து விடுதலையாக்குகிறோம் என்று யாராவது கிளம்பினால் தடுத்து, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஜெபம் அங்கேயும் செய்யலாம்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள், சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பாட்டிமார் இவர்களுக்கு ஒரு சபை என்ன செய்ய முடியும்?

நிறைய செய்ய முடியும், என் கணிப்பில் தமிழ்ச் சபைகள் அதிகம் தொடாத வேலையும் இதுதான். பிரச்சினை எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976-ஆம் வருடத்துச் சட்டத்தின்படி பதிவாக வேண்டும், அந்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் கோயிலில் தாலி கட்டினால் போதும், பத்திரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஏராளம். பதிவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் குடியுரிமையைப் பின்பற்றும். அப்பா மலேசியராகவே இருந்தாலும் அம்மா வெளிநாட்டவரோ அவரே பத்திரமில்லாதவரோ என்றால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரிடலாம். அந்தப் பிள்ளை வளர்ந்து, அதற்கும் ஒரு பிள்ளை பிறந்தால் அதே கதை தொடரும்.

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் பட்டணத்துப் புறம்போக்குக்கும் அங்கிருந்து அடுக்குமாடிக்கும் மாறி மாறிப் போனதில் தொலைந்த பத்திரங்களும் கொஞ்சமில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, பால்வெட்டி, பேரப்பிள்ளை எடுத்த பாட்டி இன்னமும் சிவப்பு ஐசி வைத்திருக்கிறார். குடியுரிமைக்குப் போனால் மலாய் பேசிக் காட்டச் சொல்வார்கள் என்ற பயத்திலேயே பாதிப் பேர் போவதில்லை.

சபை செய்யக்கூடியது இதுதான். குழுவில் இரண்டு பேர் இதை மட்டும் கற்றுக்கொள்ளட்டும். பத்திரமில்லாத நிலை பற்றி வேலை செய்யும் டிஹெச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்பிடம் போய் எந்த மனு எதற்கு, எந்தச் சாட்சி வேண்டும் என்று கேட்டு வாருங்கள். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவு, தடுப்பூசிப் புத்தகம், பிரசவம் பார்த்தவரின் சத்தியப் பிரமாணம், இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் சேர்ப்பதே மாதக்கணக்கில் இழுக்கும். அம்மா தினக்கூலி வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அதைச் சபை ஈடுகட்டலாம். மனு நிராகரிக்கப்பட்டால் அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். பாட்டிக்கு வாரம் ஒருமுறை மலாய் பேசிப் பழக்க நம் பதின்ம வயதுப் பிள்ளைகளே போதும். அப்படியே நம் சபையில் பதிவில்லாமல் வாழும் தம்பதிகள் யாராவது இருந்தால், முகம் சுளிக்காமல், அவர்களைக் கூட்டிப்போய்ப் பதிவு செய்துவையுங்கள்.

நம்ம ஜனமே கஷ்டப்படும்போது அகதிகளுக்கு எதற்கு?

"அந்நியனாயிருந்தேன்" என்றவர் எந்த நாட்டு அந்நியன் என்று சொல்லவில்லை. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. மியான்மரிலிருந்து வந்த சின் இனத்துக் கிறிஸ்தவர்கள், இலங்கைத் தமிழர்கள் எல்லாம் கையில் யூஎன் அகதி அட்டை இருந்தும் சட்டப்படி வேலை செய்ய முடியாமல், பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சபைகளும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஆள் வேண்டும்.

நம் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு கரை தெரிந்த பிறகும் ஊருக்குள் விடாமல் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார்கள். "நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தபடியால், அந்நியரைச் சிநேகிப்பீர்களாக" என்ற உபாகம வசனம் மலேசியத் தமிழனுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

அதிகாரிகளைக் கேள்வி கேட்பதும் ஊழியமா? அரசியல் ஆகிவிடாதா?

ஏசாயா 58-ஐ எடுத்துப் பாருங்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்பதற்கு முந்தைய வசனமே அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பது பற்றியது. 2014 ஜூலையில் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர், புக்கிட் பிந்தாங் லாட் 10 கட்டடத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தெருவில் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று அறிவித்தபோது எல்லா மதத்தவரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாப்பாடு கொடுப்பதே பேச வேண்டிய விஷயமாகிவிட்டது.

ஐரீன் பெர்னாண்டஸை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர், ஆசிரியையாக இருந்தவர், தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கியவர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1995-ல் எழுதி வெளியிட்டார், அடுத்த வருடமே வழக்கு வந்தது, 2003-ல் ஒரு வருடச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் 2008-ல்தான் விடுதலை. 2014-ல் இறக்கும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை. எல்லாருக்கும் அந்த அழைப்பு இல்லை. ஆனால் லிஃப்ட் ஓடாத அடுக்குமாடியில் பத்தாவது மாடி வரை நடக்கிற நோயாளிக்காக மாநகர் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுத நம் எல்லாராலும் முடியும்.

போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் நன்கொடை வருமே?

முகம் வேண்டாம். வாங்குகிறவர் கையை நீட்டும் படம் கண்டிப்பாக வேண்டாம், அவர் பிள்ளையின் வகுப்புத் தோழன் அதைப் பார்ப்பான். கொடுத்தவர்களுக்குக் கணக்கைக் காட்டுங்கள், பில்லைக் காட்டுங்கள், அடுக்கிவைத்த சாமானைப் படம் எடுத்துப் போடுங்கள்.

அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு டியூஷன் ஆரம்பிக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பாடப் புத்தகத்துக்கு முன்னால் பாதுகாப்பு. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாகக் கதவடைத்த அறையில் இருக்கவே கூடாது, போதகரானாலும் சரி. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போதும் அப்படியே. ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைக்காதீர்கள். 2017-ஆம் வருடத்துச் சிறுவர் பாலியல் குற்றச் சட்டத்தின்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். போலீசில் சொல்லுங்கள், தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி 15999 எண்ணுக்கும் அழைக்கலாம். பிள்ளை சொன்னதை நம்புங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

என் வீட்டையே முதியோர் இல்லமாக்கலாம் என்று பாரப்படுகிறேன்.

பாரம் நல்லது. ஆனால் 1993-ஆம் வருடத்துப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு வேண்டும், தீயணைப்புத் துறை அனுமதி வேண்டும், ராத்திரி விழித்திருக்க ஆள் வேண்டும். முதலில் ஏற்கெனவே நடக்கும் ஓர் இல்லத்தில் ஒரு வருடம் குளிப்பாட்டி, துடைத்து, சோறு ஊட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே பாரம் இருந்தால் பேசுவோம்.

சிலர் ஏமாற்றுகிறார்கள். மூன்று சபையில் வாங்குகிறார்கள். மனசே விட்டுப்போகிறது.

வாங்கட்டும் என்று சொல்ல மாட்டேன், விசாரித்துக் கொடுப்பது நம் கடமை. பக்கத்துச் சபைகளோடும் கத்தோலிக்கக் கோயிலின் வின்சென்ட் தே பால் குழுவோடும் பேசிக்கொண்டால் பாதி தீர்ந்துவிடும். 1833-ல் பாரிஸில் ஆரம்பித்த அந்தச் சபையின் வழக்கமே இரண்டு பேராக வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பது, அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நேரில் போகிறவரை ஏமாற்றுவது கஷ்டம். மூன்று இடத்தில் வாங்குகிறவர் வீட்டுக்குப் போனால் சில சமயம் அங்கே மூன்று குடும்பம் இருப்பது தெரியவரும்.

மனசு விட்டுப்போவது வேறு விஷயம். எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது தேவன் அவரைத் திட்டவில்லை. தூங்க விட்டார், அடை சுட்டுக் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார். நீங்களும் ஒரு மாதம் ஓய்வெடுங்கள். அதற்காகத்தான் குழு இருக்கிறது.

யாருமில்லாத ஒருவர் இறந்துபோனால் நாம் அடக்கம் செய்யலாமா?

உயிரோடு இருக்கும்போதே மெதுவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சொந்தம் யாராவது உண்டா, அக்கா மகன் போன் நம்பர் இருக்கிறதா, காரியம் எப்படிச் செய்ய வேண்டும்? உடலைப் பெற போலீசும் ஆஸ்பத்திரியும் கேட்கும் பத்திரங்கள் உண்டு, சொந்தக்காரரைத் தேடும் வேலையும் உண்டு, அவசரப்பட முடியாது. இந்துவாக வாழ்ந்தவர் என்றால் பக்கத்துக் கோயில்காரர்களோடு சேர்ந்து இந்து முறைப்படி தகனம் செய்யுங்கள், செலவில் நம் பங்கைக் கொடுங்கள், கூட நில்லுங்கள். நாம்தானே பார்த்துக்கொண்டோம் என்று நம் முறையில் அடக்கம் செய்வது அவருக்குச் செய்யும் அநியாயம். முஸ்லிம் என்றால் பள்ளிவாசலுக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

எனக்கு எழுபது வயது, முட்டி வலி. நான் என்ன செய்ய முடியும்?

ஐயா, அம்மா, நீங்கள்தான் வேண்டும். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்தவர்கள், ஆசிரியைகள், தாதியர் எத்தனை பேர் நம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! சமூகநல இலாகாவின் மலாய் பாரங்களை (படிவங்களை) நிரப்பத் தெரியாமல்தான் எத்தனையோ வீடுகளில் உதவித்தொகை வராமல் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு மேசை போட்டு உட்காருங்கள், பாரம் நாங்கள் கொண்டுவருகிறோம். வெளியே வர முடியாத வாரத்தில் தனியாக இருக்கும் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டு மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள். யாராவது எடுக்காவிட்டால் குழுவில் உடனே சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்ப்பார்.